கைக்கு ஈடு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்விழாவில் அடியேனுக்கு அளிக்கப்படும் பொருள் இலக்கியமேயாம். இவ்வாண்டும் கம்பரைப் பற்றிப் பேசுக என்றே காரியதரிசி அவர்கள் கடிதம் விடுத்தார்கள். யான் அவர்கள்பால் இசைவு பெற்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். கம்பர் அடுத்த ஆண்டும் நம்மோடிருப்பார். பட்டறையிலே விரலிழந்தவனுக்குச் சட்டம் வகுத்த காலமோ அதுவரை காத்திராது. தமிழாசிரியனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வேலை உண்டு, அதுவும் யான் வெட்கத்தோடு கூறவேண்டிய வேலை. அதனைச் சிறிது பின்னர்ச் சொல்லுவேன்.

நஷ்ட ஈடு என்று நாம் வழங்கும் தொடரில் முன்மொழி வடசொல், பின்மொழி தமிழ். ஈடு என்னும் சொல்லுக்கு ஒப்பு என்றும், அடகு என்றும், வலிமை என்றும் பொருளுண்டு. கவசம் என்று பொருள் கூறுவாரும் உளர். இவற்றுள் யாதொன்றும் பிச்சை என்றாதல் அன்பளிப்பு என்றாதல் பொருள்படவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அங்ஙனமிருக்க, நம்மவருள் ஒருவன் பொறியிலே கையை இழந்து நிற்குங்கால், முதலாளி கொடுக்கும் சிறு தொகையை 'ஏதோ மனமிரங்கிக் கொடுத்தார்' என்று கூறுகின்றோம். அவனுக்கு நேர்ந்ததை 'விதி' என்கின்றோம். விதி என்னும் சொல்லுக்கு ஊழ் என்பது ஒரு பொருள். சட்டம் வகுத்த நெறி என்பது மற்றொரு பொருள். நாம் முதற்பொருளை மட்டும் கைக்கொண்டு இரண்டாம் பொருளைக் கைவிட்டோம். அதனால் ஏழைக் குடும்பங்கள் இழந்த பொருளுக்குக் கணக்கில்லை.

இனி என் கதையைக் கூறுகின்றேன். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், என்னிடம் பத்தாம் வகுப்புவரை படித்த மாணவன் ஒருவன், அப்போது அவனுக்கு வயது 25, ஒரு சிறு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். உரிமையாளரும் அவனும் நம் சமூகத்தவரே. தூரத்து உறவும் உண்டு. வேலையாட்கள் எண்மர். அங்கே தகட்டை அச்சினுள் வைத்து அழுத்தி வெட்டும் பொறி ஒன்றிருந்தது. பவர் பிரஸ் என்று பட்டறைகளில் வழங்குவர். ஒருநாள் பிற்பகல் அப்பொறி அவனுடைய வலக்கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மோதிர விரலையும் அடியோடு எடுத்துவிட்டது.

அப்பொறியின் இயல்பை அவன் வாயிலாகவே பின்னர் அறிந்தேன். பொறியிலே பெரியதொரு சக்கரம் ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். காலால் மிதியை அழுத்தினால், கிளட்சினுள் உள்ள சாவி என்னும் உறுப்புச் சக்கரத்தையும் தண்டினையும் பிணைக்கும். மேலச்சு ஒருமுறை இறங்கி ஏறி நிற்கும். அச்சாவி தேய்ந்துவிட்டால், ஒருமுறை மிதித்ததற்குப் பொறி இருமுறை இறங்கும். இதனை 'டபுள் அடி' என்பர். முதலடி முடிந்தது என்று நம்பி வெட்டிய தகட்டை எடுக்கக் கையை நீட்டுகின்றவன் இரண்டாம் அடியிலே அகப்படுகின்றான். இதனைத் தடுக்க வழிகள் இல்லாமலில்லை. அச்சின் முன்னே கை நுழையாவண்ணம் காப்புக் கம்பி அமைக்கலாம். இரண்டு பொத்தான்களை இரு கையாலும் ஒருங்கே அழுத்தினாலன்றிப் பொறி இயங்காதபடி செய்யலாம். நல்ல பொறிகளில் ஒளிக்கதிர் கொண்டு கையை உணர்ந்து தானே நிற்கும் ஏற்பாடும் உண்டு. ஆயினும், காப்பிருந்தால் மணிக்கு வெட்டும் எண்ணிக்கை குறையும் என்று அதனைக் கழற்றி மூலையிற் சாத்துவர்; இரு பொத்தானுள் ஒன்றினை நாடாவால் ஒட்டி எப்போதும் அழுந்தியே இருக்கச் செய்வர். என் மாணவன் நின்ற பொறிக்குக் காப்பென்பதே இருந்ததில்லை. டபுள் அடி விழுகின்றதென்று அவன் இரண்டு முறை சொல்லியிருந்தான். ஆர்டர் முடியட்டும், பார்ப்போம் என்று விடை வந்தது. விரல்கள் போன மறு வாரத்திலே காப்பு வந்து பொருந்திற்று.

மருத்துவச் செலவை உரிமையாளர் ஏற்றார். அதனை மறைத்தல் தகாது. ஏப்ரல் மாதத்தில் நம் முதியோர் சிலர் கூடி, ரூ. 30,000 கொடுத்து முடிப்பதென்று பேசினர். உரிமையாளர் என்னை அழைத்து, 'ஐயா, எல்லாரும் நம்மவர்கள்; ஓர் எழுத்து இருந்தால் பிற்காலத்தில் மனக்கசப்பு வாராது; நீங்களே எழுதிக் கொடுங்கள்' என்றார். யான் எழுதினேன். 'மேற்படி விபத்தின் பொருட்டு இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை என்று முழு மனச்சம்மதத்துடன் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம்' என்று, சந்திப்பிழையின்றி, மிகுந்த பெருமிதத்தோடு எழுதினேன். கட்டுப் போட்ட கையைத் தாங்கிக்கொண்டு அவன் இடக்கையாற் கோணற்கையெழுத்திட்டான்; 'ஐயா எழுதினால் சரியாகத்தான் இருக்கும்' என்றான். அச்சொல் இன்றளவும் என் செவியில் நிற்கின்றது.

அப்பத்திரம் சட்டத்தின்முன் செல்லாக் காகிதம் என்பதை யான் அறிந்தது ஓராண்டும் ஒன்பது மாதமும் கழிந்த பின்னரே. தொழிலாளர் துறையிற் பணியாற்றி ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவரோடு ஒருநாள் பேசிக்கொண்டிருக்கையில் இச்செய்தியைச் சொன்னேன். அவர், 'அந்தப் பத்திரத்தை ஆணையரிடம் பதிவு செய்தார்களா?' என்று ஒரே கேள்வி கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஈட்டுரிமையைக் கைவிடுவதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் உடன்படிக்கை எதுவும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வகுத்திருந்தது. சமாதானமாக ஒரு தொகை பேசினாலும், அவ்வுடன்படிக்கையை ஆணையருக்கு அனுப்பிப் பதிய வேண்டும். தொகை போதாதென்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். பதியாதிருந்தால் உரிமையாளர் முழுத்தொகைக்கும் கடன்பட்டவர். முன்னர்க் கொடுத்ததிற் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் இயலாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, 'வழக்கிட ஈராண்டுதான் காலம். எண்ணிப் பாருங்கள்' என்றார். எண்ணினேன். மூன்று மாதம் எஞ்சியிருந்தது.

இக்கதையின் முடிவைக் கூறுமுன், இச்சட்டம் எங்ஙனம் பிறந்தது என்பதை அறிதல் நலம். அறிந்தாலன்றி இஃது இரக்கத்தின் பாற்பட்டதன்று என்பது மனத்திற் பதியாது. 1837-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. இறைச்சி வணிகரொருவரின் வேலையாள், மிகையாகப் பாரம் ஏற்றப்பட்ட வண்டியிற் சென்றபோது வண்டி முறிந்து, தொடையெலும்பு ஒடிந்தான். நடுவர் குழாத்தார் 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேல் மன்றம் அதனை மறுத்துவிட்டது. வேலையின் இடரை உடன்பட்டே அவன் வேலைக்கு வந்தான், வேண்டாவிடின் ஏறாதிருந்திருக்கலாம் என்பது போன்ற காரணங்கள் கூறப்பட்டன. உடன்வேலையாள் பிழையால் நேர்ந்த ஊறுக்கு முதலாளி பொறுப்பல்லர் என்னும் கொள்கையும் இதன் வழியே வேரூன்றியது. வேண்டாவிடின் ஏறாதிருக்கலாமாம்! வயிற்றுக்காக வண்டியேறுகின்றவனுக்கு அவ்வுரிமை எங்கேயுளது?

அறுபது ஆண்டுகள் இக்கொள்கை ஆண்டது. 1884-இல் ஜெர்மனி தேசம் தொழில் விபத்துக் காப்புறுதியைச் சட்டமாக்கிற்று. 1897-இல் இங்கிலாந்தும், யார் பிழை என்னும் ஆராய்ச்சியின்றியே, இடர்மிக்க தொழில்களில் ஊறுபட்டவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அதன் வழியில் வந்ததே நம் நாட்டின் 1923-ஆம் ஆண்டுச் சட்டம். 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தம் பெற்றது. 2020-இல் இயற்றப்பெற்ற சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைப் பெற்றது; பெயர் மாறினும் யான் கூறும் நெறிகளின் சாரம் அதனுள்ளும் நிலைபெற்றுளது.

அச்சாரம் யாது? வேலையிலிருந்து தோன்றி, வேலையின் போக்கிலே நேர்ந்த விபத்தாயின், உரிமையாளர் ஈடு கொடுக்கக் கடன்பட்டவர். பொறி பழுது என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. 'அவன்தான் கவனமின்றிக் கையை விட்டான்' என்பது விடையாகாது. கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே விதியை மீறுதல் வேறு. குடித்திருந்தான், பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினான், காப்பென்று அறிந்தே அதனைத் தானாகக் கழற்றினான் என்று காட்டினால் மட்டுமே உரிமையாளர் விலகலாம். சாவு நேர்ந்தாலும் முற்றிலும் உழைக்க இயலா நிலை நேர்ந்தாலும் அவ்விலக்கும் இல்லை. காப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொன்னவர் மேஸ்திரியாயிருப்பின், தொழிலாளி தானாகக் கழற்றினான் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆதலின் இளைஞர்காள், காப்பில்லாப் பொறியைப் பற்றி வாயாற் சொல்வதோடு நில்லாது, எழுத்திலும் ஒருமுறை சொல்லி வையுங்கள். கைப்பேசியிலே அனுப்பிய ஒருவரிச் செய்தியும் பின்னர்ச் சான்றாக நிற்கும்.

தொகை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக் காட்டுகின்றேன். இஃது எண்சுவடி போல் எளியது. உழைக்கும் ஆற்றல் முற்றும் இழந்தவனுக்கு மாதக் கூலியில் நூற்றுக்கு 60 பங்கினை எடுத்து, வயதுக்கேற்பச் சட்டம் வகுத்த எண்ணாற் பெருக்க வேண்டும். 25 வயதுக்கு அவ்வெண் 216.91, 40 வயதுக்கு 184.17. உறுப்பு இழந்தவனுக்கு அதிலே ஒரு விழுக்காடு. கட்டைவிரல் ஒன்று போனால் நூற்றுக்கு 30; ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14; ஒரு கையில் மூன்று விரல் போனால் 30; நான்கு விரல் போனால் 50. கையே போனால் 60. மனிதன் விரலுக்கு இவ்வாறு விலை வகுத்திருப்பதை முதன்முதற் படித்தபோது என் உள்ளம் கூசியது. ஆயினும் விலை வகுக்காதிருந்த காலத்தில் அதன் விலை ரூ. 30,000 என்று யானே எழுதிக் கொடுத்தேனல்லனோ!

என் மாணவன் மாதம் ரூ. 9,000 பெற்றான். அக்காலத்தே கணக்குக்குக் கொள்ளும் கூலிவரம்பு ரூ. 8,000. அதில் 60 பங்கு ரூ. 4,800, 216.91-ஆற் பெருக்க ரூ. 10,41,168, அதில் நூற்றுக்கு 30, ரூ. 3,12,350. யான் எழுதிய பத்திரம் அவனிடமிருந்து பறித்தது எவ்வளவென்று நீங்களே கழித்துக் காண்பீர்களாக. 2020 ஜனவரியிலே அவ்வரம்பு ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டது. அத்தொகை பெறும் 25 வயதினனுக்கு அதே ஊறு நேர்ந்தால் ரூ. 5,85,657 ஆகும். மருத்துவச் செலவு இதனின் வேறு. இழந்த விரலுக்கு மருத்துவச் செலவைக் கொடுத்ததே ஈடு என்று கூறுவாருளர், அது பிழை.

விழுக்காட்டைப் பற்றி ஒரு செய்தி. 1975-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சருடைய வழக்கிலே தீர்ப்பளித்தது. அவர் வேலையின்போது விழுந்து இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்தார். அட்டவணைப்படி அது முழு இழப்பன்று என்றனர் எதிர்தரப்பினர். ஒற்றைக் கையாலே தச்சு வேலை செய்தல் இயலாது, ஆகவே அவருக்கு நேர்ந்தது முழு இழப்பே என்று மன்றம் ஏற்றது. அத்தீர்ப்பிலேயே, ஈட்டுத்தொகை ஆணையர் கணக்கிட்ட நாளிலன்று, விபத்து நேர்ந்த நாளிலேயே கடனாகிவிடுகின்றது என்றும் கூறப்பட்டது. கடன் என்னும் இச்சொல்லைக் கருதுங்கள். ஒருவன் நம்மிடம் பட்ட கடனைத் திருப்பிக் கேட்டால் அவனை நன்றி கொன்றவன் என்று கூறுவோமா? ஒரு மாதத்துள் கொடாவிடின் நூற்றுக்கு 12 வட்டியும், தக்க காரணமின்றித் தாழ்த்தினால் பாதிவரை தண்டத்தொகையும் உண்டு.

பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் ஆலைகளின் வழி வேறு. அங்கே ஈ.எஸ்.ஐ. உண்டு. அதிற் காப்புற்றவர் ஆணையரிடம் செல்லாது அந்நிறுவனத்திடமே உதவி பெறவேண்டும். ஊறு ஆறும்வரை நாட்கூலியில் நூற்றுக்கு 90 பங்கு. நிலையாய இழப்பெனில் மருத்துவக் குழு அளந்து, ஆயுள் முழுதும் மாதந்தோறும் தொகை. இன்ன மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை விபத்து ஊறுக்கு இல்லை; முதல் நாள் வேலையிலே அடிபட்டவனுக்கும் உண்டு. சில இடங்களில் விபத்து நேர்ந்த பின்னரே ஓடிச் சென்று பெயரைப் பதிவு செய்கின்றனர். உரிமையாளர் பதியத் தவறியமையால் தொழிலாளி உரிமை இழப்பதில்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவன் என்று கைவிரிப்பதும் செல்லாது; தன் தொழிலின் வேலையை ஒப்பந்தத்திலே விட்ட முதன்மை உரிமையாளரே முதற்கண் ஈடு கொடுக்க வேண்டும்; பின்னர் ஒப்பந்தக்காரரிடம் அவர் பெற்றுக்கொள்ளலாம்.

முதல் இரண்டு நாளிலேதான் பெரும்பாலான உரிமைகள் இழக்கப்படுகின்றன. மருத்துவமனையில், 'எங்கே அடிபட்டது?' என்று கேட்டால், 'வண்டியிலிருந்து விழுந்தான் என்று சொல். இல்லாவிடில் போலீஸ் தொந்தரவு' என்று உடன் வந்தவர் காதிற் கூறுவர். அச்சொல் மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால் பின்னர் அழிக்க இயலாது. இன்ன பட்டறையில், இன்ன பொறியில், இன்ன நேரத்தில் என்று உள்ளபடி சொல்ல வேண்டும். தாய்மார்களே, அந்நேரத்தில் அவன் வலியால் நினைவிழந்திருப்பான். சொல்ல வேண்டியவர்கள் நீங்களே. வருகைப் பதிவு, கூலிச் சீட்டு, வங்கியில் ஏறிய கூலி, இவற்றுள் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். உடன் நின்றவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஆறு மாதத்தில் அவர்கள் வேறு ஊர் போய்விடுவர்.

இனி உரிமையாளராயுள்ள அன்பர்களுக்கு ஒன்று கூறவேண்டும். இவ்வவையில் பட்டறை நடத்துவோரும் பலர் இருக்கின்றீர்கள். உங்கள் முகத்திற் சிறிது வாட்டம் காண்கின்றேன். எட்டுப் பேரை வைத்து நடத்தும் பட்டறையில் மூன்று லட்சம் எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. விபத்து நேர்ந்த பின் கேட்டால் விடையில்லை. முன்னரே கேட்டால் உண்டு. தொழிலாளர் ஈட்டுக்கென்றே காப்புறுதிக் கம்பெனிகள் பாலிசி தருகின்றன. ஆண்டுக் கட்டணம் ஆட்தொகையையும் தொழிலின் இடரையும் பொறுத்தது. மோட்டார் வண்டிக்குக் காப்புறுதியின்றித் தெருவில் இறங்க அஞ்சுகின்ற நாம், பொறிக்கு முன்னே மனிதனை அஃதின்றி நிறுத்துகின்றோம்.

உறவு கெடும் என்பது மற்றொரு தடை. யான் அதனை இலேசாகக் கருதவில்லை. 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே என் மாணவன் ஆணையரிடம் மனுக் கொடுத்தான். மனுவையும் யானே எழுதினேன். விசாரணையில் எதிர்தரப்பு வக்கீல் அவ்விடுதலைப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். என்னைச் சாட்சிக் கூண்டிலேற்றி, 'இது உம்முடைய கையெழுத்துத்தானே?' என்றார். 'என் கையெழுத்தே, சொற்பிழை இல்லை, பொருட்பிழை உண்டு' என்றேன். யாரும் நகைக்கவில்லை. 2017-இல் ஆணை பிறந்தது: கணக்கிட்ட தொகை, முன் பெற்றதிற் பாதி கழித்து, வட்டியுடன். உரிமையாளர் தவணை கேட்டுச் செலுத்தினார். அதன் பின் மூன்றாண்டு அவர் என்னோடு பேசவில்லை. என் மகள் திருமணத்துக்கு அழைப்பு வைத்தேன், வரவில்லை. நம் சங்கத்திலேயே சிலர், 'நாலு பேர் கூடிப் பேசி முடித்ததை வாத்தியார் கெடுத்துவிட்டார்' என்றனர். அவர்களுக்கு யான் அன்று விடை கூறவில்லை, இன்று கூறுகின்றேன். நாலு பேர் கூடிப் பேசியது உண்மை. ஆனால் அந்நால்வருள் ஒருவரேனும் சட்டப்படி அவனுக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிட்டிருந்தோமா? கணக்கறியாமல் தராசைப் பிடித்தோம்.

என் மாணவன் அத்தொகையில் வீட்டுக் கடனைத் தீர்த்து, எஞ்சியதைக் கொண்டு சிறு மளிகைக் கடை வைத்திருக்கின்றான். இடக்கையாற் கணக்கெழுதப் பழகினான். பள்ளியில் எழுதியதினும் எழுத்து இப்போது திருத்தமாக இருக்கின்றது. மழைக்காலத்தில் இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்கின்றான்.

தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பத்தோடு அமர்கின்றேன். சங்க அலுவலகத்தில் வைத்து இத்தகைய விடுதலைப் பத்திரங்கள் எழுதும் வழக்கத்தை நிருவாகக் குழு தீர்மானத்தால் நிறுத்த வேண்டும். சமாதானம் பேசுவோர் பேசுக. பேசிய தொகையைச் சட்டத்தின் கணக்கோடு ஒத்துப் பார்த்து, உரிய அதிகாரியிடம் பதிவு செய்க. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை சங்க நூல்நிலையத்தில் யான் இருப்பேன். ஊறுபட்டோர் எந்தக் குலத்தவராயினும் வரலாம். வரும்போது மருத்துவச் சீட்டையும் கூலிச் சீட்டையும் கொண்டு வருக. ஓய்வு பெற்ற அவ்வெழுத்தரும் உடனிருக்க இசைந்திருக்கின்றார்கள்.